கடலோர ஊர்களில் தத்துவ வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி பக்கத்து ஊர்களில் வாரம் ஒரு மாலை தத்துவ வட்டம் கூடுகிறது. படிப்பகம், வலை பின்னும் கொட்டகை, பள்ளி வராந்தா என்று இடம் மாறும். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், பாதியில் படிப்பை விட்டவர்கள் வருவார்கள், பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தானும் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும் அப்பத்தாக்களும் உண்டு. புதிதாக வட்டம் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

தத்துவம்னா சாமியார் பேசுறதுதானே? அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு?

இந்த மாவட்டத்தில் அப்படித் தோன்றுவது இயல்புதான். தாயுமானவர் சமாதி ராமநாதபுரத்தில் இருக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டிப் பக்கத்துக்காரர். ஆனால் வட்டத்தில் யாரும் உபதேசம் செய்வதில்லை. "இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?", "இது நியாயமா?", "எல்லாம் மாறின பிறகும் அது அதுதானா?" என்கிற மாதிரி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, காரணம் சொல்லிப் பேசிப் பார்க்கிறோம்.

"எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்ற 423ஆம் குறளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். டீச்சர் சொன்னாலும், கட்சிக்காரர் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் வந்தாலும் குறள் சொல்வதைச் செய்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தர்க்கம் நடத்திய மாத்யூ லிப்மன், கல்லூரிக்கு வந்த பிறகு யோசிக்கப் பழக்குவது பிந்திப்போன வேலை என்று நினைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கதைகள் எழுதி, 1974இல் மான்ட்கிளேர் ஊரில் இதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையை வாசிப்பது, பிள்ளைகளே கேள்வி எழுப்புவது, அதை வைத்து விவாதிப்பது என்ற முறை அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. எங்கள் வட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகத் தாக்குப்பிடிக்கிறது. மேல் வரம்பு எதுவும் வைக்கவில்லை.

நான் தத்துவம் படிச்சதே இல்ல. நான் நடத்தலாமா?

நடத்தலாம். படித்தவர்கள் நடத்தும்போது வருகிற ஒரு தொல்லை உங்களிடம் இருக்காது: பாதிப் பேச்சில் குறுக்கே புகுந்து "இதைத்தான் கான்ட் சொன்னார்" என்று முடித்துவைக்கிற பழக்கம். ஆனால் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கத் தெரிய வேண்டும். "ஏன் அப்படிச் சொல்ற?" என்பது ஒன்று. "அப்படி இல்லாம இருக்கிற ஒரு சமயத்தைச் சொல்ல முடியுமா?" என்பது இன்னொன்று.

எங்க ஊர்ல பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க என்ன பண்ணுவாங்க?

சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கிய முனிவரிடம் கார்கி கேள்வி மேல் கேள்வி தொடுத்தது நேருக்கு நேர் வாதத்தில்தான். எழுத்து வராதவரைக் கீழே வைத்துப் பார்க்க இந்தத் துறைக்கு உரிமையே கிடையாது. வட்டத்தில் எதையும் ஒருவர் உரக்க வாசித்த பிறகே பேச்சு தொடங்கும். வாசிப்பது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. வர முடியாதவர்களுக்கு அதையே குரல் பதிவாக அனுப்புகிறோம்.

பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில், பள்ளிக்கூடமே போகாத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் ஒரு கணக்குப் போடுகிறார். பக்கம் 2 அடி உள்ள சதுரத்தின் பரப்பு 4. அதைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? பையன் 4 அடி என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 அடி என்கிறான், 9 வருகிறது. கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் சதுரம் கட்டினால் சரியாக 8 வரும் என்று பிடிபடுகிறது. இதைக் கடற்கரை மணலில் குச்சியால் வரைந்து நடத்தலாம், ஈர மணலில் கோடு நன்றாக நிற்கும். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பையன் பெரும்பாலும் "ஆமாம்" என்று மட்டும்தான் சொல்கிறான். "ஆமாம்" மட்டும் வரவழைக்கிற கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். எழுத்தறியாதவர்களிடம் அந்தத் தொனி வந்தால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

இவ்வளவு எளிமையாக்கினா தரம் கெட்டுப்போகாதா?

கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள் கேட்பது இது. தத்துவத்தில் இரண்டு வகைக் கடினம் இருக்கிறது. ஒன்று கேள்விக்கே உரியது. மற்றது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது: அரைப் பக்கத்துக்கு நீளும் வாக்கியம், பொடி எழுத்து, வாயில் நுழையாத பெயர்கள், பிள்ளையைத் தூங்கவைக்கும் நேரத்தில் நடக்கும் கூட்டம், "நீ என்ன படிச்சிருக்க?" என்ற பார்வை. இரண்டாவதை எடுத்துப் போடுகிறோம். முதலாவதில் கை வைப்பதில்லை.

1643இல் போஹீமியா இளவரசி எலிசபெத், பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. உடம்பும் ஆன்மாவும் முற்றிலும் வேறு, ஆன்மாவுக்கு இடமோ நீள அகலமோ கிடையாது என்கிறீர்களே, அப்படியானால் அது எப்படி என் கையைத் தூக்கவைக்கிறது என்பதுதான் கேள்வி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரே மூச்சில் புரியும். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்றுவரை வரவில்லை. கேள்வி புரிந்துவிட்டதால் அதன் கனம் எங்கே குறைந்தது?

எதை வச்சு ஆரம்பிக்கிறது? கிரேக்கக் கதையெல்லாம் இங்க எடுபடுமா?

சில கதைகள் இங்கேதான் நன்றாக எடுபடும். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்துவந்தார்கள், இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள், எல்லாம் மாறின பிறகு அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் ஒரு முடிச்சைக் கூட்டினார்: கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டிவிட்டால் எது உண்மையான கப்பல்? லண்டன் மாணவனுக்கு இது புதிர். இங்கே வீட்டு விஷயம். படகு கட்டும் ஓடாவி பலகை மாற்றுவதையும், ஏரா என்ற அடிக்கட்டை மட்டும் பழசாக நிற்க மேலே எல்லாம் புதுசாவதையும், இன்ஜினை மாற்றுவதையும் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தவர்கள். பதிவு எண் அதேதான், அதனால் அதே படகு என்றது ஓர் அணி. கடன் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் படகு என்றான் ஒருவன். சிரித்தோம், ஆனால் அது மோசமான பதில் இல்லை. ஒரு பொருள் அதுவாகவே இருப்பது அந்தப் பொருளுக்குள் இருக்கிறதா, அதைச் சுற்றி மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இருக்கிறதா என்ற பெரிய வாதத்தில் அவன் ஒரு பக்கம் எடுத்துவிட்டான்.

நம் பக்கத்துத் தர்க்கத்தையும் இந்தக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. "மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது" என்பது நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் பிரசித்தமான எடுத்துக்காட்டு. இந்தக் கரையில் மலைக்கு எங்கே போவது? ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயர் வாங்கியிருப்பதே ஒரு மணல்மேடுதான். அதனால் பறவையை எடுத்துக்கொண்டோம். தூரத்தில் பறவைகள் தண்ணீர் மேல் வட்டமிட்டால் கீழே மீன் கூட்டம் இருக்கும் என்று சொல்கிறோம். மீன் இல்லாமலும் பறவை வட்டமிடுமா? ஒரே ஒரு தடவை வட்டமிட்டிருந்தாலும் அனுமானம் உடைந்துவிடுமா, இல்லை "பெரும்பாலும்" என்று போட்டுத் தப்பிக்கலாமா? வியாப்தி, அதாவது ஒன்று இருந்தால் மற்றது தவறாமல் இருக்கும் என்ற தொடர்பு, என்று நியாய மரபுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இடத்துக்கு, படகு வைத்திருக்கும் வயதான சம்மாட்டி ஒருவரும் ஆறாம் வகுப்புப் பையனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

மணிமேகலையின் 29ஆம் காதையிலும் இந்தப் புகை வாதம் வருகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல என்று அங்கே போகும். எடுத்துக்காட்டுக்கு அடுக்களையைத் தேடிப்போனது எனக்குப் பிடித்த விஷயம். யாருக்குச் சொல்கிறோமோ அவர் தினமும் பார்க்கிற இடத்திலிருந்து எடுத்துக்காட்டு வர வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

அப்ப எந்த உதாரணத்தையும் சொல்லலாமா?

கூடாது. நீதி பற்றிய பாடப் புத்தகங்களில் உயிர்காப்புப் படகுக் கதை அடிக்கடி வரும்: படகு மூழ்கப் போகிறது, ஆள் அதிகம், யாரை இறக்கிவிடுவது? வேறு ஊரில் அது சுவாரசியமான புதிர். இங்கே வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவராக இருக்கலாம். அதே கேள்வியை, மருத்துவமனையில் ஒரே ஒரு படுக்கை இருக்கிறது என்று மாற்றிக் கேட்டால் வாதம் அப்படியே நிற்கும். முன்கூட்டியே சொல்லாமல் அந்தப் பிள்ளையின் முன்னால் படகை மூழ்கடிக்கக் கூடாது.

இன்னொன்று, பிளேட்டோவின் 'குடியரசு' முதல் பகுதியில் வருவது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதே நீதி என்கிறார் ஒருவர். நண்பன் தெளிவாக இருந்தபோது ஆயுதத்தை உன்னிடம் கொடுத்து வைத்தான், பைத்தியம் பிடித்த பிறகு வந்து கேட்கிறான், கொடுப்பாயா என்று சாக்ரடீஸ் மடக்குகிறார். ஏர்வாடி இந்தக் கரையில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் சுற்று வட்டாரத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் நடுவே "பைத்தியம் என்றால் ஆபத்து" என்பதை யாரும் சந்தேகிக்காத ஒரு முன்கூற்றாக வைத்துப் பாடம் நடத்துவது தப்பு. "கடுங்கோபத்தில் வந்து கத்தியைத் திருப்பிக் கேட்கிறான்" என்றால் போதும், சாக்ரடீசுக்கு ஒன்றும் குறையாது.

இதைத் தலைப்பையே தொடாதே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநலம் பற்றி, கடலில் இறப்பது பற்றிப் பேச வேண்டும் என்று வட்டமே கேட்டால் பேசலாம். தயாராக வந்து பேசுவதற்கும், புதிர் என்ற பேரில் தலையில் இறக்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கண் தெரியாத பிள்ளை வந்தா எப்படிச் சமாளிக்கிறது?

முதலில் கருவி. படிக்கக் கொடுப்பது யூனிகோட் எழுத்தில் இருக்க வேண்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வாசித்தால் வெறும் உளறல்தான் கேட்கும். படமாக ஸ்கேன் செய்த பக்கம் அதைவிட மோசம், அதில் வாசிக்க எதுவுமே இல்லை. கணினிக்கு என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனுக்கு டாக்பேக், இரண்டும் இலவசம். மேலே சொன்ன சதுரக் கணக்கை வலைக் கயிறும் முளைக்குச்சியும் வைத்துக் கட்டிவிட்டால் விரலால் தடவிப் பார்த்தே மூலைவிட்டத்தைப் பிடித்துவிடலாம். கண் தெரிந்த பிள்ளைகளுக்கும் அதில்தான் இன்னும் தெளிவாக விளங்குகிறது என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது பாடத்துக்குள்ளேயே இருக்கும் சிக்கல். பார்ப்பதே அறிவது, இருட்டு அறியாமை என்ற உருவகம் தத்துவம் முழுக்க ஓடுகிறது, குகை இருட்டில் நிழலை மட்டும் பார்த்து வளர்ந்தவன் வெளிச்சத்துக்கு வரும் பிளேட்டோவின் கதை அதில் பெரியது. அதை ஒளிக்க வேண்டாம், அதையே கேள்வியாக்குங்கள். அயர்லாந்துக்காரர் வில்லியம் மாலினோ 1688இல் ஆங்கிலத் தத்துவவாதி லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் தொட்டுப் பார்த்து உருண்டையையும் கனசதுரத்தையும் பிரித்தறிவார், திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? நம் நாட்டில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற பிள்ளைகளிடம் பவன் சின்ஹா குழுவினர் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தொட்டு அறிந்த வடிவத்தைக் கண்ணால் உடனே அடையாளம் காண முடியவில்லை, ஆனால் சில நாட்களிலேயே அந்தத் திறன் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்சில் பார்வையற்ற பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடாதீர்கள். கேள்வி கேட்பவராக அவரே இருக்கட்டும். பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 1749இல் எழுதிய கடிதத்தில் ஒரு பார்வையற்றவரிடம் கண் வேண்டுமா என்று கேட்கிறார்கள், அதைவிட நீளமான கை கிடைத்தால் நல்லது என்கிறார் அவர். நிலாவில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் கண்ணையும் தொலைநோக்கியையும் விட என் கை நன்றாகச் சொல்லும் என்பது அவர் வாதம். அந்தப் பதிலை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

காது கேளாத பிள்ளைக்கு?

சைகை மொழி தெரிந்தவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வாசிக்கப் போகும் பக்கத்தை இரண்டு நாள் முன்பே அவரிடமும் பிள்ளையிடமும் கொடுத்துவிடுங்கள். "நியாயம்", "காரணம்", "ஒருவேளை" போன்றவற்றுக்கு எந்தச் சைகை என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ள நேரம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், வெயில் சாயும் நேரத்தில் சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும்.

நமக்குக் குரலும் நாக்கும் இல்லாவிட்டால் கையாலும் தலையாலும் உடம்பாலும் பொருளைக் காட்டியிருக்க மாட்டோமா என்று சாக்ரடீஸ் பிளேட்டோவின் ஓர் உரையாடலில் கேட்கிறார். சைகை மொழி தெரிந்த பிள்ளை இருக்கும் வட்டத்தில் அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் மற்ற வட்டங்களில் வராது.

ஆம்பளப் பசங்கதான் பேசுறாங்க டீச்சர். பொண்ணுங்க வாயே திறக்க மாட்டேங்குதுங்க.

கேள்வியைப் போட்டதும் கையைத் தூக்கச் சொன்னால் இதுதான் நடக்கும். முதலில் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் யோசிப்பது, அடுத்து பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேசுவது, அதன் பிறகு பொதுவில் என்று படியாக வையுங்கள். எங்கள் வட்டங்களில் ஆளுக்கு மூன்று சோழி கொடுக்கிறோம். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். சோழி தீர்ந்தவர் மற்றவர்கள் தீர்க்கும் வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாயாடிகள் மூன்றாவது சோழியை வைக்கும் முன் யோசிக்கிற யோசனை இருக்கிறதே, அதைப் பார்க்கவே வரலாம். பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள்.

வஞ்சி நகரத்தில் சமயவாதிகளின் வாதங்களைக் கேட்கப் போகும் மணிமேகலை ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். ஏன் அப்படிப் போக வேண்டியிருந்தது என்று பெண் பிள்ளைகளிடமே கேளுங்கள். அன்றைக்குச் சோழி எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே சொன்ன எலிசபெத்தின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டெக்கார்த்தைத் திணறவைத்தது ஒரு பெண்ணின் கேள்வி என்று தெரியட்டும்.

எப்ப நடத்துறது? கடலுக்குப் போற வீட்ல நேரம் ஏது?

ஊருக்கு ஊர் மாறும். விசைப்படகு போகும் நாள், நாட்டுப்படகு போகும் நாள், வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை, நோன்பு மாதம், பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும் நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், மிஞ்சுகிற நேரம்தான் உங்கள் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளியும் பெரும்பாலும் விடுமுறை. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வட்டத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. நவம்பர் மூன்றாம் வியாழன் யுனெஸ்கோவின் உலக தத்துவ நாள். பள்ளியில் அனுமதி கேட்க அது ஒரு நல்ல சாக்கு, அன்றைக்கு மழைக்கு விடுமுறை விடாமல் இருந்தால்.

எங்க வட்டத்துல மூணு மதத்துப் பிள்ளைங்களும் இருக்காங்க. சண்டை வந்துடாதா?

மூன்று மதத்தாரும் ஒரே கரையில் வலை காய வைக்கிற ஊர்கள் இவை. பேச்சுக்கு மட்டும் பயப்படுவானேன். எங்களுக்கு ஒரே ஒரு விதி: ஒருவர் கருத்தை மறுப்பதற்கு முன், அவர் "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று தலையாட்டும் அளவுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும். இது புதுசு இல்லை. நம் மரபில் பூர்வபட்சம் என்று இதைத்தான் செய்தார்கள். இமாம் கஸ்ஸாலியும் தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன் அவர்கள் கொள்கையை விளக்கித் தனி நூலே எழுதினார். மணிமேகலையின் 27ஆம் காதையில் சைவர், வைணவர், ஆசீவகர், சமணர், சாங்கியர், பூதவாதி என்று வரிசையாக வந்து அவரவர் கட்சியைச் சொல்கிறார்கள்.

ஒன்றைத் தவிருங்கள்: "உங்க மதத்துல இதைப் பத்தி என்ன சொல்லியிருக்கு?" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்பது. அது தன் மதத்துக்கு வக்கீலாக வரவில்லை. நூல்களை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். இப்னு சீனா ஒரு கற்பனை சொல்கிறார்: வெட்டவெளியில் மிதக்கும் ஒருவனுக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை, தன் கைகால்கூட ஒன்றையொன்று தொடவில்லை, அப்போதும் "நான் இருக்கிறேன்" என்பது அவனுக்குத் தெரியுமா? சங்கு குளிக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதிலுக்கு மத வித்தியாசமே கிடையாது.

கடைசிவரை பதில் சொல்லாம விட்டா பிள்ளை குழம்பிப் போகாதா? எல்லாம் சரின்னு ஆகிடாதா?

பதில் இருக்கிற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மூலைவிட்டக் கணக்குக்குப் பதில் 8தான், அதில் ஓட்டெடுப்பு கிடையாது. தீசியஸ் கப்பல் மாதிரிக் கேள்விகளில்கூட எல்லாப் பதிலும் சமம் இல்லை. முரண்படுகிற பதில், எதிர்ச்சான்றில் விழுந்த பதில், காரணமே இல்லாத பதில் எல்லாம் பலகையில் அடிபடும். ஒவ்வொரு வட்டத்தின் முடிவிலும் எந்தப் பதில் விழுந்தது, எது இன்னும் நிற்கிறது என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்ல வேண்டும். குழப்பம் பற்றிப் பெற்றோர் முறையிடுவது இதற்குப் பிறகு நன்றாகக் குறைந்தது.

பரீட்சை, மார்க்கு? இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?

வட்டத்தில் மார்க்கு இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக உண்டு, கல்லூரி ஆசிரியருக்கான நெட் தேர்வும் உண்டு. அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அறிவு வளர்ச்சி கம்மியான பிள்ளையை இதுல உட்கார வைக்கிறது நியாயமா? அதுக்கு என்ன புரியும்?

"என்ன புரியும்" என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரித் தொடக்கம், கேள்விக்குப் படம், "இதுவா அதுவா" என்று தொட்டுக் காட்டும் வாய்ப்பு, அவசரப்படுத்தாத நேரம், இவை இருந்தால் பல பிள்ளைகள் பங்கெடுக்கிறார்கள். நியாயம் பற்றிய பேச்சில் முக்கியமாக. மூன்று பேருக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தால் ஏதோ சரியில்லை என்று முதலில் முகம் சுளிப்பது சில நேரம் இவர்கள்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் கல்வியை வலியுறுத்துகிறது. வட்டம் மட்டும் அதற்கு விலக்கு கேட்க முடியாது.

இதில் தத்துவத்துக்கே ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. பகுத்தறிவுதான் மனிதனை மனிதனாக்குகிறது என்று எழுதி எழுதி, அது குறைந்தவர்களின் மதிப்பு என்ன என்ற கேள்வியில் பலர் கூசாமல் தரம் பிரித்தார்கள். ஈவா கிட்டேய் என்ற அமெரிக்கத் தத்துவவாதிக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள மகள் உண்டு. அந்த வாதங்களை எழுதியவர்களிடமே அரங்கில் நேராக எதிர்த்துப் பேசியவர் அவர். எல்லோரும் வாழ்க்கையில் ஏதோ ஒரு காலத்தில் இன்னொருவர் கையை நம்பியே இருக்கிறோம், நீதி பற்றிய கோட்பாடு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் பக்கம். எனக்கு அவர் பக்கம்தான் சரியாகப் படுகிறது.

கடல் யாருக்குச் சொந்தம்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. அப்படியே கச்சத்தீவு, இலங்கைன்னு போயிடுச்சு. இது அரசியல் ஆகிடாதா?

ஆகும். இந்தக் கரையில் கடலைப் பற்றிப் பேசினால் அங்கேதான் போய் நிற்கும். அதனால் கேள்வியை உடைத்துக்கொள்ளுங்கள். 1974 ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பது தகவல், பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த ஒப்பந்தம் நியாயமா என்பது வேறு கேள்வி. கடல் யாருக்காவது சொந்தமாக இருக்க முடியுமா என்பது மூன்றாவது, இரண்டுக்கும் அடியில் கிடப்பது. 1609இல் டச்சுக்காரர் ஹியூகோ குரோஷியஸ் முடியாது என்றார்: கடலைப் பிடித்து வேலி போட முடியாது, ஆற்று மீனைப் பிடித்துத் தீர்த்துவிடலாம், கடல் மீனைத் தீர்க்க முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் சில. 1635இல் ஆங்கிலேயர் செல்டன் கடலும் சொந்தமாகும் என்று மறுத்தார். மீன் தீராது என்ற முன்கூற்றை இந்த ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன்கூற்று விழுந்தால் முடிவும் விழுமா என்பதுதான் அன்றைய பாடம். 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் இதிலேயே கொண்டுவரலாம்: வரும் தலைமுறைக்காக என்று சொல்லி இன்றைக்குப் பாசி எடுப்பவரைத் தடுக்கலாமா?

அப்புறம், மத விஷயத்தில் சொன்ன விதி இங்கேயும் உண்டு. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி வலையால் எங்கள் கடலும் வலையும் போகிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர் சொல்கிறாரே, அந்த வாதத்தை அவர் தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். பிடிபட்டுச் சிறையில் இருப்பவர் வீட்டுப் பிள்ளை வட்டத்தில் இருந்தால் அவசரப்படாதீர்கள், உதாரணங்கள் பற்றிய பதிலை இன்னொரு முறை படியுங்கள். கஷ்டமான மாலையாகத்தான் இருக்கும்.

என் மகன் வீட்டுக்கு வந்து வாப்பாவையே எதிர்த்துக் கேள்வி கேக்குறான். இதுக்கா அனுப்பினோம்?

கீழக்கரையில் ஒரு தாய் கேட்டது. நடந்தது இதுதான். கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று கான்ட் 1797இல் எழுதினார். "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்கிறது 292ஆம் குறள். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசினோம். மறுநாள் கடன்காரர் வந்தபோது, "வாப்பா வெளியூர் போயிருக்கார்னு சொல்லு" என்று பையனுக்கு உத்தரவு வந்திருக்கிறது. இது புரைதீர்ந்த நன்மையா என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டான்.

இளைஞர்களைக் கெடுக்கிறான் என்பது பொ.ஆ.மு. 399இல் சாக்ரடீஸ் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, அதனால் இந்தப் புகாரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இப்போது மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. வட்டத்தில் கற்ற கேள்வியை முதலில் தன் மேல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கேட்க வேண்டும். வீட்டுக் கதைகளை வட்டத்தில் பெயர் சொல்லிப் பேசக் கூடாது. மூன்றாவதாக, கோபமாக இருக்கும் பெற்றோரைத் தடைக்கால வட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். அந்த வாப்பா வந்தார். தவணை கேட்க வாய் வராதவன் ஒரு நாள் அவகாசம் வாங்குவதும் ஏமாற்றுவதும் ஒன்றா என்று கேட்டார். பிள்ளைகள் பாதிப் பேர் அவர் பக்கம் போய்விட்டார்கள், மகன் எதிர்ப்பக்கம். சோழி தீர்ந்ததால் அன்றைக்கு நிறுத்தினோம்.